தம்பானை: ஒரு வேடர் ஊரின் குடித்தொகையும் சீவனமும்

பரந்தன் மண்ணிலே பிறந்து வளர்ந்த நம்மிற் பலருக்குக் காடு என்பது வெட்டித் திருத்தப்படுவதற்கே உரியது என்ற எண்ணம் இயல்பாக அமைந்துவிட்டது. நம் பாட்டன்மாரிற் சிலர் குடாநாட்டின் நெருக்கமான தோட்டக்காணிகளை விட்டு ஆனையிறவைக் கடந்து வந்தனர். வேறு சிலர் 1958-ஆம், 1977-ஆம் ஆண்டுக் கலவரங்களின்பின் மலைநாட்டையும் தென்னிலங்கையையும் விட்டு வந்தனர். மலேரியாக் காய்ச்சலோடும் யானையோடும் போராடி, பற்றையை வெட்டி, வரம்பு கட்டி, இரணைமடுத் தண்ணீரை வாய்க்கால் வழியே வயலுக்குக் கொணர்ந்த அவர்களுடைய வரலாறு பெருமைக்குரியது. இம்மலரிலும் அவ்வரலாறு பலராற் பேசப்படும்.

ஆயினும், குளம் கட்டுதல், காடு திருத்துதல், குடியேற்றுதல் என்னும் இம்மூன்று செயல்களையும் மறுபக்கத்தில் நின்று கண்ட மக்களும் இத்தீவில் உளர். நமக்கு வயலைக் கொடுத்த அதே கொள்கை அவர்களுடைய காட்டை எடுத்துக்கொண்டது. அவர்களே வேடர். அவர்கள் வாழும் ஊர்களுள் யாவரும் அறிந்தது தம்பானை. அச்சிற்றூரின் குடித்தொகையையும் சீவனத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் பெயரும்

தம்பானை ஊவா மாகாணத்திலே பதுளை மாவட்டத்தில், மகியங்கனைக்குக் கிழக்கே உள்ளது. மகியங்கனையிலிருந்து பதியத்தலாவை வழியாகக் கீழ்மாகாணத்துக்குச் செல்லும் பெருவீதியிலிருந்து விலகி உள்ளே சென்றால், மரங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிறு குடியிருப்புக்களின் தொகுதியாக அதனைக் காணலாம். அதற்கப்பால் மதுறு ஓயாப் படுகையின் காடு விரிந்து கிடக்கிறது.

வேடர் என்பது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை ‘வன்னியல அத்தோ’ என்று கூறுவர். காட்டுக்குரிய மாந்தர் என்பது அதன் பொருள். வன்னி என்ற சொல் நம் நிலத்தின் பெயராகவும் அம்மக்களின் பெயரிலே ஓர் உறுப்பாகவும் நிற்பது கருதத்தக்கது. நம் நிலத்தின் பெயருக்கு அறிஞர் பலவாறு பொருள் கூறுவர். அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டுவதில்லை.

வேடர் நம் பகுதிக்கு முற்றும் அந்நியரும் அல்லர். கண்டி அரசனின் சிறையிருப்பிலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் என்பவர் 1679-இல் தப்பியோடியபோது, அனுராதபுரத்திலிருந்து அருவியாற்றின் கரைவழியே வன்னியின் ஓரத்தால் அரிப்பை நோக்கி நடந்தார். இடையிலே, வேடர் கொப்புகளால் அமைத்து விட்டுச் சென்ற குடில்களைக் கண்டு அவரும் துணைவரும் அஞ்சினர். 1681-இல் வெளிவந்த அவருடைய நூலிலே வேடருடைய வாழ்க்கை பற்றிய செய்திகள் பல உள. கந்தபுராணத்து வள்ளியம்மையார் வேடர்குலத்தில் வளர்ந்தவர் என்பதும், கதிர்காமத்து வேடர் அவ்வுறவைத் தம் உறவாகப் போற்றுவதும் நம்மவர் அறிந்தனவே.

எண்ணிக்கை கூறுவதும் மறைப்பதும்

ஒரு மக்கட்கூட்டத்தைப்பற்றி அறிய விரும்புவோர் முதலிற் கேட்கும் வினா, “அவர்கள் எத்தனை பேர்?” என்பதாகும். குடிசன மதிப்பின்படி வேடரின் தொகை 1881-இல் ஏறத்தாழ 2,200 ஆக இருந்தது. 1911-இல் அது 5,300-ஐத் தாண்டியது. 1921-இல் 4,500 அளவிற்கும், 1946-இல் 2,300 அளவிற்கும், 1953-இல் 800 அளவிற்கும் குறைந்தது. 1963-இல் 400 பேர் அளவிலேயே வேடர் எனக் கணிக்கப்பட்டனர். 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் இனவாரி அட்டவணையிலோ வேடர் என்ற தனி நிரலே இல்லை.

இவ்வெண்களை மேலோட்டமாக நோக்குவோர், இவ்வினம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டுவர். 1911-க்கும் 1963-க்கும் இடையே இலங்கையின் மொத்தக் குடித்தொகை 41 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 106 இலட்சமாகப் பெருகியது. அதே காலத்தில் வேடர் தொகை பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இத்துணைப் பெரிய வீழ்ச்சிக்குக் கொள்ளைநோயோ பஞ்சமோ காரணமாயின், அது எல்லாரும் அறிந்த பேரழிவாக வரலாற்றில் இடம்பெற்றிருக்கும். அவ்வாறு ஒன்றும் நிகழவில்லை. அங்ஙனமாயின், அம்மக்கள் எங்கே சென்றனர்?

விடை எளிது. அவர்கள் எங்கும் செல்லவில்லை. அவர்களுடைய பெயரே சென்றது. சேனையிலிருந்து வயலுக்கு மாறி, சிங்கள ஊரவரோடு மணவுறவு கொண்டவர் சிங்களவர் என எழுதப்பட்டனர். வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி, மூதூர் ஆகிய கீழ்க்கரை ஊர்களிலே தமிழ் பேசி வாழும் வேடர் தமிழர் என எழுதப்பட்டனர். எழுத வந்த உத்தியோகத்தரின் கேள்வி ஒரு காரணம். வேடர் என்று கூறிக்கொள்வதில் இழிவு உண்டென்று அயலார் கற்பித்தமை மற்றொரு காரணம்.

இதற்குச் சான்றும் உண்டு. 1963-இல் நாடு முழுவதிலும் நானூறு வேடரே உளர் என்று கணக்கிடப்பட்டது. அப்பத்தாண்டின் இறுதியிலே, ஜேம்ஸ் புறோ என்னும் மானிடவியலறிஞர் அனுராதபுர மாவட்டத்தில் ஆராய்ச்சி நடத்தினார். தம்மை வேடர் என்றே கருதும் ஆயிரக்கணக்கானோர் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களிலே வாழ்வதை அவர் கண்டார். 1978-இல் வெளிவந்த அவருடைய நூல் இதனை விரிவாகக் கூறும். அவர்களிற் பெரும்பாலோர் சிறு குளங்களின்கீழ் நெல் விதைத்தும், சேனை வெட்டியும், கூலிவேலை செய்தும் வாழ்ந்தனர். வில்லும் அம்பும் தாங்கியவரே வேடர் என்று கருதிய கண்களுக்கு மண்வெட்டி பிடித்த வேடர் தென்படவில்லை.

ஆகவே, சீவனம் மாறினால் இனப்பெயரும் மாறிவிடுகிறது என்பது இங்கே நாம் கற்கும் முதற் பாடம். இனி அச்சீவனம் எத்தகையது என்று நோக்குவாம்.

பழைய சீவனம்

செலிக்மன் என்னும் அறிஞரும் அவர் மனைவியாரும் 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் வேடரிடையே சென்று ஆராய்ந்து, 1911-இல் ஒரு பெருநூலை வெளியிட்டனர். அந்நூலும் நொக்ஸின் குறிப்புகளும் பழைய வாழ்க்கையைத் தெளிவாக்குகின்றன.

அச்சீவனத்துக்கு நான்கு கால்கள் இருந்தன. அவை வேட்டை, தேன், கிழங்கு, சேனை என்பன. மானும் மரையும் பன்றியும் உடும்பும் வில்லாலும் நாயின் துணையாலும் பிடிக்கப்பட்டன. காட்டுக்கிழங்கு அகழ்வது பெரும்பாலும் பெண்களின் வேலை. வேட்டை பொய்த்த நாளிலும் கிழங்கு பொய்ப்பதில்லை. ஆதலால் நாள்தோறும் அடுப்பெரியச் செய்தவர் பெண்களே எனலாம். ஆனி ஆடி மாதங்களில் பெருந்தேனீ மலைமுகடுகளிலே கட்டிய அடைகளை எடுப்பதற்கு, கொடிகளால் ஏணி பின்னி, உச்சியிலிருந்து பள்ளத்தை நோக்கி இறங்குவர். புகையினால் ஈயை விரட்டி, நீண்ட கழியினால் அடையை அறுப்பர். மேலே ஏணியைக் காத்து நிற்பவன் நம்பிக்கைக்குரிய உறவினனாய் இருத்தல் வேண்டும். கீழே தொங்குபவனின் உயிர் அவன் கையில் உள்ளது.

தேன் உணவு மட்டுமன்று, களஞ்சியமுமாகும். இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்திலே அடைத்துக் களிமண்ணால் மூடிவைத்து, வேண்டியபோது எடுத்துண்பர் என்று நொக்ஸ் எழுதுகிறார். அம்புமுனை வேண்டுமாயின், முனையின் வடிவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு கொல்லன் பட்டடையிலே இரவில் தூக்கிவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் பின்னும் இறைச்சி கொணர்வர் என்றும் அவர் கூறுகிறார். பேச்சில்லாமல் நடந்த இப்பண்டமாற்று, இருபுறமும் வாக்குத் தவறாமையினாலேயே நிலைத்தது.

சேனை என்பது நம் வன்னியாரும் அறிந்ததே. ஆவணி புரட்டாதியில் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்து, வடகீழ்ப் பருவமழையோடு குரக்கனும் சோளமும் பயறும் பூசணியும் இடுவர். சாம்பர் மண்ணுக்கு உரமாகும். ஓரிரு போகத்தில் உரம் குன்றிக் களை மிகும். அப்போது அந்நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக விட்டு வேறிடம் செல்வர். இடம்பெயரும் பயிர் என இதனைப் பழிப்பாருளர். ஆயினும் சனம் சிலராயும் காடு பெரிதாயும் உள்ளவரை அது காட்டைக் கெடுப்பதில்லை. காடு சுருங்கி, தரிசுவிடும் ஆண்டுகள் குறைந்தபோதே அது கேடாயிற்று.

இங்கே ஒன்றை வற்புறுத்தல் வேண்டும். அக்காடு யாருக்கும் உரியதன்று என்று அரசாங்கம் கருதியது. வேடர் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு சிறு கூட்டத்துக்கும், பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரையான குடும்பங்களுக்கு, தமக்கென வேட்டைநிலமும் தேன்மலையும் இருந்தன. ஆறும் குன்றும் எல்லைகளாயின. பிறர் நிலத்தில் அனுமதியின்றி வேட்டையாடுதல் குற்றம். பிள்ளைகளுக்கும் மருமகனுக்கும் அவ்வுரிமை சென்றது. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் முறை நம்மிடத்துப் போலவே அவர்களிடத்தும் இருந்தமையால், நிலமும் உறவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. உறுதி எழுதப்படவில்லை, ஆனால் உரிமை இருந்தது.

மேலும், வேட்டையால் வாழும் குடும்பத்துக்கு மிகப் பரந்த நிலம் வேண்டும். ஆதலினாலேயே கூட்டங்கள் சிறியனவாய், ஒன்றுக்கொன்று தொலைவாய் இருந்தன. ஆட்டொகை குறைவாய் இருந்தது குறைபாடன்று. அந்நிலம் தாங்கக்கூடிய அளவே அதுவாகும்.

அணையும் காப்புக்காடும்

1935-ஆம் ஆண்டில் காணி அபிவிருத்திச் சட்டம் நிறைவேறியபின் வறண்ட வலயத்திற் குடியேற்றம் வேகமாக வளர்ந்தது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தபோது, செலிக்மன் தம்பதியர் கண்ட வேடர் நிலங்களிற் பெரும்பகுதி குடியேற்றத்துக்கும் நீருக்கும் சென்றது. பின்னர் 1977-க்குப்பின் விரைவுபடுத்தப்பட்ட மாவலித் திட்டம் மதுறு ஓயாப் படுகையை அடைந்தது. அங்கு அணை கட்ட மண் அகழ்ந்தபோது, செங்கல்லாலும் கருங்கல்லாலும் அமைந்த மிகப் பழைய துரிசொன்று வெளிப்பட்டது. அந்தக் காட்டினடியிலும் பண்டைய நீர்ப்பாசன நாடொன்று புதைந்து கிடந்தது. நம் வன்னிக் காட்டினுள்ளும் கைவிடப்பட்ட குளக்கட்டுகள் கிடப்பதை அறிந்த நமக்கு இது வியப்பன்று.

1983-இல் அணை நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காக்கும்பொருட்டு 58,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு, அதாவது ஏறத்தாழ 1,45,000 ஏக்கர், மதுறு ஓயாத் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனுள்ளே வேட்டையாடுதலும் தேனெடுத்தலும் சேனை வெட்டுதலும் சட்டவிரோதமாயின. நேற்றுவரை சீவனமாய் இருந்தது இன்று களவாயிற்று.

வனத்தினுள் வாழ்ந்த வேடக்குடும்பங்கள் ஹென்னானிகலை முதலிய மாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றப்பட்டன. மற்றைய குடியேறிகளைப் போல ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் அளிக்கப்பட்டன. ஊருவரிகே திசாஹாமி என்னும் முதுதலைவரும் சில குடும்பங்களும் மட்டும் தம்பானையை விட்டு நீங்க மறுத்தனர். இன்று அவ்வூர் அவ்வூராக நிற்பதற்கு அம்மறுப்பே காரணம்.

அரசாங்கம் கொடுத்தது சிறிதன்று என்று வாதிடுவாருளர். வயல் கிடைத்தது, பாடசாலை கிடைத்தது, வைத்தியசாலை கிடைத்தது என்பர். அவை மெய்யே, பயனுடையனவே. ஆனால் கணக்கை முழுவதும் பார்த்தல் வேண்டும். நெற்செய்கைக்கு விதைநெல்லும் உரமும் உழவுக்கூலியும் முன்பணமாக வேண்டும். தண்ணீர் முறைப்படி வரும்வரை காத்திருத்தல் வேண்டும். விலை வீழ்ந்தாற் கடன் ஏறும். நாள்தோறும் காட்டிலிருந்து உணவு கொணர்ந்த குடும்பம், போகத்துக்கு ஒருமுறை வருமானம் காணும் குடும்பமாக ஓரிரவில் மாற இயலுமா?

இன்னுமொன்று. இத்தகைய காணியைத் துண்டாடலாகாது. பெரும்பாலும் பின்னுரித்தாளர் ஒருவர்க்கே அது சென்றது. ஒரு குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் உளர் என்று கொள்வோம். ஒருவருக்கு வயல், மற்றைய மூவருக்கும் கூலிவேலை. முன்னர் அம்மூவருக்கும் காடு இருந்தது. இப்போது காட்டினெல்லையிலே கம்பியும் காவலும் உள. முதற் தலைமுறையின் குடியேற்றம் இரண்டாம் தலைமுறையிலே காணியின்மையாக முடிவதை நம் வாய்க்கால்களின் ஓரத்திலும் நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

இன்றைய தம்பானை

1996-இல் திசாஹாமியின் மகனாகிய ஊருவரிகே வன்னில அத்தோ ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் தாபனத்தின் பழங்குடிகள் பற்றிய பணிக்குழுவின் முன்னே தம் மக்களின் குறைகளை எடுத்துரைத்தார். 1998-இல் தந்தையார் மறைந்தபின் தலைமை அவரிடம் வந்தது. 2007-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பழங்குடிகளின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இலங்கையும் ஆதரவாக வாக்களித்தது.

இன்று தம்பானையின் சீவனம் பலவகைப்பட்டது. சிறு அளவிற் சேனையும் வயலும் உண்டு. தேனும் மூலிகையும் விற்பனையாகின்றன. கூலிவேலைக்குச் செல்வோர் உளர். இவற்றோடு, வேடரைக் காண வரும் பிரயாணிகளால் வரும் வருமானமும் பெரிது. தோளிற் கோடரி தாங்கிய முதியவர் வந்தோரை இருகைகளாலும் முன்கைபற்றி வரவேற்பர். வில் எய்து காட்டுவர், ஆடிக் காட்டுவர், கைவினைப் பொருள் விற்பர். வேட்டை விலக்கப்பட்ட இடத்தில், வேட்டையின் சாயலே விலைப்பொருளாயிற்று. முன்பு வில்லைக் கைவிட்டவன் வேடனல்லன் எனக் கணக்கு நீக்கியது. இப்போதோ வில்லைக் காட்டினாலே வேடன் எனச் சந்தை ஏற்கிறது. இரண்டும் மனிதனை முழுமையாகக் காணாத பார்வைகளே.

பாடசாலைக் கல்வியும் சிங்கள மொழியும் பரவியமையால், காட்டு விலங்குகளுக்கும் மரங்களுக்கும் வழங்கிய தனிச்சொற்கள் இளையோர் வாயில் அருகிவருகின்றன. கீழ்க்கரை வேடரின் நிலையும் இதனைப் போன்றதே. அவர்கள் களப்பில் மீன்பிடித்தும் தேனும் விறகும் எடுத்தும் வாழ்ந்துவந்தனர். நீண்ட யுத்தமும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் அவர்களை மும்முறை நான்குமுறை இடம்பெயர்த்தன. நம் மொழியையே பேசும் அம்மக்களைப்பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு என்பது நமக்குப் பெருமை தருவதன்று.

நமக்குரிய பாடம்

இவ்விடயம் பரந்தனாருக்கு ஏன் வேண்டும்? இரு காரணங்களால் வேண்டும். முதலாவது, நாம் குடியேறிகளின் பிள்ளைகள். காடு வயலானபோது கிடைத்த நன்மையை நாம் அறிவோம். இரண்டாவது, நாம் இடம்பெயர்ந்தவர்கள். 2008-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009-இன் தொடக்கத்திலும் இவ்வூர் முழுவதும் வெறுமையானது. வயலையும் மாட்டையும் கிணற்றையும் விட்டுச்சென்று, கம்பிவேலிக்குள்ளே பிறர் கையிலிருந்து சோறு வாங்கியவர்கள் நாம். உணவு கிடைத்தது, உறைவிடம் கிடைத்தது. ஆயினும் அது நம் வாழ்க்கையன்று என்பதை ஒவ்வொரு நாளும் உணர்ந்தோம். ‘மூன்று ஏக்கர் கொடுத்தோமே, இன்னும் என்ன குறை?’ என்று தம்பானையாரை நோக்கிக் கேட்போருக்கு, விடை கூறும் தகுதி நம்மிலும் கூடியவர் யார்?

குடியேற்றம் தீது என்றோ, அணைகள் கட்டப்பட்டிருத்தலாகாது என்றோ நாம் கூறவில்லை. இரணைமடு இல்லையேல் நாம் இல்லை. ஒரு நிலத்தைத் திட்டமிடுமுன் அங்கே வாழ்பவர் யார், எதனால் வாழ்கின்றனர், எந்த முறையில் அந்நிலத்தைத் தமதாகக் கொண்டுள்ளனர் என்று கேட்டறிதல் வேண்டும் என்பதே நாம் கூறுவது. கேளாது போட்ட கணக்கு, கூட்டல் சரியாயினும், பிழையான கணக்கே.

நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோளோடு இக்கட்டுரையை முடிக்கலாம். வேடர் ஊரை ஆராய்ந்த அறிஞர் கேட்ட வினாக்களை நம் ஊரிலும் கேட்கலாம். ஒரு வாய்க்காலோரக் குடியிருப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே எத்தனை குடும்பங்கள் உள? அவை எவ்வாண்டில், எங்கிருந்து, எதனால் வந்தன? வயலுடையோர் எத்தனை பேர்? வயலற்றோர் எதனாற் சீவிக்கின்றனர்? பெண்கள் செய்யும் வேலை எந்தக் கணக்கிலேனும் எழுதப்பட்டுள்ளதா? இவ்விடம் காடாயிருந்தபோது இங்கு நடமாடியவர் யார் என்று முதியோர் கூறுகின்றனர்? இவற்றைக் கேட்டு, ஒரு கொப்பியில் ஒழுங்காக எழுதி, பாடசாலை நூல்நிலையத்தில் வையுங்கள்.

எண்ணப்படாத மக்கள் எளிதில் மறக்கப்படுவர். பிழையாக எண்ணப்பட்டவர் அதனினும் எளிதில் மறக்கப்படுவர். தம்பானையின் முதியவர் ஊரை விட்டுப் போக மறுத்தமையால் அவர் மக்களின் பெயர் நிலைத்தது. நம் முதியோர் கூறுவதை நாம் எழுதிவைத்தால், நம் ஊரின் பெயரும் கதையும் அவ்வாறே நிலைக்கும்.